4,273

பரத்பூர் போயிருக்கிறீர்களா? ராஜஸ்தானில், ஆக்ராவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே இருக்கும் பறவைகள் சரணாலயத்துக்குப் போகிறவர்கள், பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி, நடுக்காட்டில் இருக்கும் கேவலாதேவ் சிவன் கோயில் வரைக்கும் போவது வழக்கம். வழி நெடுக நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று ரிக்‌ஷாக்காரரே காட்டிக்கொண்டு வருவார். கோயிலுக்குப் பக்கத்தில் இறங்கியதும் எல்லோரும் வானத்தையே பார்ப்பார்கள். கொஞ்சம் கண்ணைத் தாழ்த்தினால் ஒரு கல்வெட்டு தெரியும்.

கல்வெட்டு என்றதும் ராஜராஜ சோழன் ரேஞ்சுக்கு யோசிக்காதீர்கள். தேதி, வந்த பிரமுகரின் பெயர், எத்தனை துப்பாக்கிகள், எத்தனை பறவைகள்... அவ்வளவுதான். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை எழுதிய பேரேடு மாதிரி ஒரு பட்டியல். மனிதர்களைக்கூட 'துப்பாக்கிகள்' என்றுதான் எண்ணியிருக்கிறார்கள்.

அதில் ஒரு வரி: 1938, நவம்பர் 12. வைஸ்ராய் லின்லித்கோ பிரபு. பறவைகள் 4,273.

ஒரே நாளில்!

விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை எட்டு மணி நேரம் ஓயாமல் சுட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒன்பது பறவை. நடுவில் சாப்பாட்டுக்கும் சுருட்டுக்கும் நேரம் ஒதுக்கினால் கணக்கு இன்னும் ஏறும்.

இவ்வளவு வாத்துகளை யார் தின்றார்கள் என்று கேட்கத் தோன்றும். அது இரண்டாவது கேள்வி. எதற்காகச் சுட்டார்கள் என்பதுதான் முதல் கேள்வி. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஜாலியாக வேட்டைக்குப் போன கதை போலத்தான் வெளியே தெரியும். ஆனால், இந்த 'நண்பர்கள்' கொஞ்சம் விசேஷமானவர்கள்.

*

முதலில் வேட்டை எப்படி நடக்கும் என்று பார்த்துவிடுவோம்.

ஏரிக்குள் ஆங்காங்கே மண்ணைக் கொட்டி மேடு கட்டியிருப்பார்கள். சுற்றிலும் புல்லும் நாணலும் வைத்து மறைப்பு. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு விருந்தாளி. அவருக்குப் பின்னால், தோட்டா போட்டுப் போட்டுத் துப்பாக்கியை மாற்றிக் கொடுக்க ஆள். ஒரு துப்பாக்கி சூடாகிவிட்டால் அடுத்தது தயார். விருந்தாளி கையை நீட்டினால் போதும், குனிய வேண்டிய அவசியம்கூடக் கிடையாது.

பறவை அதிகமாக வரும் இடம் எது என்று அரண்மனை ஷிகாரிகளுக்கு அத்துப்படி. அந்த மேடு வைஸ்ராய்க்கு. அதற்கடுத்தது படைத் தளபதிக்கோ, பக்கத்து சமஸ்தான மகாராஜாவுக்கோ. யாரை எங்கே உட்கார வைப்பது என்பது கல்யாணப் பந்தியில் சம்பந்திகளை உட்கார வைப்பதைவிடச் சிக்கலான சமாசாரம். ஒருத்தர் முகம் சுளித்தால் அந்தக் கோபம் டெல்லி வரைக்கும் போகும்.

பிகிள் ஊதும். முதல் வேட்டு. அவ்வளவுதான், ஏரி முழுக்க இருக்கும் பறவைகள் மொத்தமாக எழும்பும். ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, நாமக்கோழி, இமயமலைக்கு மேலாகப் பறந்து வந்த வரித்தலை வாத்து. (இதே வரித்தலை வாத்து நம்ம திருநெல்வேலி கூந்தன்குளம் வரைக்கும் வரும்.) எழும்பிய கூட்டம் இறங்க இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வரும். எங்கே போனாலும் கீழே ஒரு மேடு, மேட்டில் ஒரு துப்பாக்கி.

விழுந்தவற்றைப் பொறுக்குவது யார்? சுற்றுவட்டாரக் கிராமத்து ஜனங்கள்தான். நவம்பர், டிசம்பர் மாதக் குளிரில் தண்ணீருக்குள் இறங்கி, தலைக்கு மேல் ஈயக்குண்டுகள் பறந்துகொண்டிருக்கும்போது பொறுக்க வேண்டும். அவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கல்வெட்டில் இடம் இல்லை.

சாயங்காலம் பறவைகளை வரிசை வரிசையாகத் தரையில் அடுக்கி எண்ணுவார்கள். அப்புறம் போட்டோ. அப்புறம் விருந்து.

*

இதே பரத்பூருக்கும் ஆங்கிலேயர்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

1805 ஜனவரி, பிப்ரவரியில் லேக் பிரபு என்கிற பிரிட்டிஷ் தளபதி பரத்பூர் கோட்டையை முற்றுகையிட்டார். ஜாட் மன்னர்களின் அந்த மண்கோட்டைக்கு 'லோகாகர்' என்று பெயர். இரும்புக்கோட்டை. லேக் நான்கு முறை முட்டி மோதினார். நான்கு முறையும் தோல்வி. அவர் பக்கம் மூவாயிரத்துக்கும் அதிகமானோர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். வெள்ளைக்காரனால் பிடிக்க முடியாத கோட்டை என்று ஹிந்துஸ்தானம் முழுக்க பரத்பூருக்குப் பெயர் வந்தது. அந்த அவமானத்தைத் துடைக்க அவர்களுக்கு 21 வருடம் ஆனது. 1826-ல் கோம்பர்மியர் பிரபு வந்து, சுரங்கம் தோண்டி வெடி வைத்துத்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது.

அதற்குப் பிறகு பரத்பூருக்கு வந்த துரைமார்கள் பீரங்கி கொண்டுவரவில்லை. வாத்துத் துப்பாக்கி போதுமானதாக இருந்தது.

ஏரியே ஓர் ஏற்பாடுதான். பதினெட்டாம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ்மல் கட்டிய அஜான் அணைக்கரையின் கீழே இயற்கையாகவே பள்ளமான நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், ஊர் மாடுகள் மேயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், சமஸ்தான நிர்வாகத்தைக் கவனிக்க குஜராத்தின் மோர்வி அரச குடும்பத்திலிருந்து வந்த ஹர்பம்ஜி என்பவருக்கு யோசனை வந்தது. சின்னச் சின்னக் கரைகள், கால்வாய்கள், மதகுகள் அமைத்தால் தண்ணீரை வேண்டிய அளவுக்கு நிறுத்தலாம். தண்ணீர் நின்றால் வாத்து வரும். வாத்து வந்தால் வைஸ்ராய் வருவார்.

வந்தார். 1902 டிசம்பரில் கர்சன் பிரபு. முதல் பெரிய வேட்டை. 540 பறவைகள். கர்சனைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஜுனாகத் நவாப் அவரை கிர் காட்டுக்குச் சிங்க வேட்டைக்கு அழைத்திருந்தார். சிங்கங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோன சேதி தெரிந்ததும் மனிதர் வேட்டையை ரத்து செய்துவிட்டு, மிச்சமிருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று நவாபுக்குச் சொல்லிவிட்டார். வாத்துக்கு அந்தக் கவலை இல்லை. வானம் நிறைய இருந்ததே!

540 என்பது பிற்பாடு கேலிக்குரிய எண் ஆகிவிட்டது. 1916 நவம்பரில் செம்ஸ்ஃபோர்டு பிரபு வந்தபோது நாலாயிரத்தைத் தாண்டியது. அந்த நவம்பரில் உலகத்தில் வேறு இடங்களிலும் துப்பாக்கிகள் வேலை செய்துகொண்டிருந்தன. மெசபடோமியாவில் இந்திய சிப்பாய்கள் பாக்தாத்தைப் பிடிக்கக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

*

வைஸ்ராய்க்கு வாத்து கொடுத்தால் மகாராஜாவுக்கு என்ன லாபம்?

எழுதி வைத்த ஒப்பந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் சமஸ்தானம் என்றால் அங்கே ஒரு பிரிட்டிஷ் ரெசிடென்ட் இருப்பார். அவர் எழுதும் ரிப்போர்ட் டெல்லிக்குப் போகும். கடன் அதிகமா, நிர்வாகம் சரியில்லையா, வாரிசு யார் – எல்லாவற்றையும் வைஸ்ராய்தான் முடிவு செய்வார். நிர்வாகம் மோசம் என்று சொல்லி ஒரு மன்னரின் அதிகாரத்தைப் பிடுங்கிக்கொள்ள முடியும். அப்படிப்பட்டவர் மூன்று நாள் உங்கள் வீட்டில் தங்கி, வயிறாரச் சாப்பிட்டு, தோள் வலிக்கச் சுட்டுவிட்டு, உங்கள் தோளில் கைபோட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனால்? அடுத்த முறை ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அந்த போட்டோவும் கொஞ்சம் ஞாபகம் வரும், இல்லையா?

இந்த வித்தையில் டாக்டர் பட்டம் வாங்கியவர் பிகானீர் மகாராஜா கங்கா சிங். பாலைவன ராஜ்யம். அங்கே வாத்துக்கு எங்கே போவது? அவரிடம் இருந்தது கல்கௌதாரி. கௌதாரி மாதிரியே இருக்கும் பாலைவனப் பறவை. வறண்ட விதைகளைத் தின்பதால் தினமும் காலையில், குறிப்பிட்ட நேரத்துக்குத் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும். எவ்வளவு தூரமானாலும் பறந்து வரும். கஜ்னேர் ஏரியில்தான் மகாராஜாவின் வேட்டை மாளிகை. விருந்தாளிகள் வருவதற்கு முன்பாகச் சுற்றுவட்டாரக் குளம் குட்டைகளில் ஆட்களை நிறுத்தி, பறவைகளை இறங்கவிடாமல் விரட்டுவார்கள். தாகத்தில் தவித்த கூட்டம் வேறு வழியில்லாமல் கஜ்னேருக்கு வரும். அங்கே துப்பாக்கிகள் காத்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கஜ்னேர் கிறிஸ்துமஸ் வேட்டைக்கு அழைப்பு வராதா என்று டெல்லியில் பெரிய பெரிய தலைகள் ஏங்கின. கங்கா சிங் முதல் உலகப்போரின்போது லண்டனில் போர் அமைச்சரவைக் கூட்டங்களில் உட்கார்ந்தார். 1919-ல் வெர்செய்ல்ஸ் ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1927-ல் சட்லெஜ் நதித் தண்ணீரை பிகானீருக்குக் கொண்டுவரும் கங்கா கால்வாயை வைஸ்ராய் இர்வின் வந்து திறந்துவைத்தார். கௌதாரியைக் கொடுத்துக் கால்வாயை வாங்கினார் என்று சொன்னால் அது அநியாயம். 1899-1900 பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததைப் பார்த்த மனிதர் அவர். அந்தக் கால்வாய்க்காக வருடக்கணக்கில் போராடினார், பஞ்சாபோடு மல்லுக்கட்டினார். ஆனால் போராடுவதற்கு முதலில் கதவு திறக்க வேண்டுமே. அந்தக் கதவுக்கு எண்ணெய் போட்டது கௌதாரி.

*

வாத்தும் கௌதாரியும் சில்லறை. பெரிய நோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் நேபாளத்துக்குப் போகவேண்டும்.

1911 டிசம்பர் 12. டெல்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், மேரி மகாராணி இருவருமே நேரில் வந்து முடிசூட்டு வைபவம். இந்தியாவின் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறுகிறது என்று அறிவித்ததும் அங்கேதான். கூத்தெல்லாம் முடிந்ததும் மகாராணி ஆக்ரா, ராஜபுதனம் என்று ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். ராஜா புலி வேட்டைக்கு. அவருடைய அப்பா ஏழாம் எட்வர்ட் இளவரசராக இருந்தபோது, 1876-ல், இதே நேபாளத் தராய் காட்டில் புலி சுட்டவர்தான். குடும்ப வழக்கம்!

அழைத்தவர் நேபாளப் பிரதமர் சந்திர ஷம்ஷேர் ராணா. அந்தக் காலத்து நேபாளத்தில் ராஜா என்று ஒருவர் இருப்பார், சும்மா. நிஜமான ராஜா பிரதமர்தான். வேட்டைக்காகக் காட்டுக்குள் பாதைகள் வெட்டினார்கள். கூடார நகரம் எழும்பியது. அறுநூறுக்கும் மேற்பட்ட யானைகள் வந்து சேர்ந்தன.

எல்லாம் தயாரான நேரத்தில் ஓர் அசம்பாவிதம். தர்பாருக்கு முதல் நாள், டிசம்பர் 11 அன்று, நேபாள மன்னர் பிருத்வி வீர விக்ரம் ஷா இறந்துபோனார். வயது 36. அடுத்த ராஜா அவருடைய ஐந்து வயது மகன் திரிபுவன்.

நம் ஊரில் தெருக்கோடியில் ஒரு சாவு விழுந்தால்கூடக் கல்யாண மேளத்தைக் கொஞ்சம் அடக்கி வாசிப்பார்கள். ஒரு நாட்டின் ராஜா போய்விட்டார். வேட்டை?

நடந்தது! இரங்கல் தெரிவித்தாயிற்று. டிசம்பர் 18-ம் தேதி முதல் 28-ம் தேதிவரை, திட்டமிட்டபடி நடந்தது.

தராயின் புலி வேட்டைக்குத் தனி முறை. ராத்திரியில் காட்டின் பல இடங்களில் எருமைக்கன்றுகளைக் கட்டிவிட்டு வருவார்கள். காலையில் ஷிகாரிகள் போய்ப் பார்ப்பார்கள். எந்தக் கன்று போயிருக்கிறதோ, அந்தப் பக்கத்துப் புதரில் புலி வயிறு நிறைந்து படுத்திருக்கும். உடனே யானைகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் சேரும். வட்டம் முடிந்தது. பிறகு வட்டம் மெல்ல மெல்லச் சுருங்கும். யானைக்கு யானை இடைவெளி இல்லை. பாகன்கள் கத்துவார்கள், யானைகள் பிளிறும். உள்ளே புலி இங்கும் அங்கும் பாயும். சில யானைகள் மிரளும். அம்பாரியில் ராஜா. தப்பிக்க வழியே இல்லாத புலி. இதில் யானைமேல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த பாகன்தான் நிஜமாகவே உயிரைப் பணயம் வைத்தவர் என்று எனக்குத் தோன்றும்.

முடிவில் கணக்கு: புலி 39, காண்டாமிருகம் 18, கரடி 4. இதில் ராஜா தன் கையால் சுட்டது 21 புலிகள், 8 காண்டாமிருகங்கள், ஒரு கரடி.

இந்த 39-ஐ எப்படிப் புரிந்துகொள்வது? 2009-ல் நேபாளம் முழுக்க எடுத்த கணக்கில் மொத்தமே 121 புலிகள்தான். (2022-ல் அது 355 ஆகியிருக்கிறது, சந்தோஷம்.) அந்த டிசம்பரில் செத்த புலிகளில் ஒன்று இங்கிலாந்தில் எக்ஸிடர் நகர அருங்காட்சியகத்தில் பஞ்சு அடைத்து நிற்கிறது. இன்னொன்று பிரிஸ்டலில். ராஜா அன்பளிப்பாகக் கொடுத்தது.

சந்திர ஷம்ஷேருக்கு? அடுத்த சில வருடங்களில் முதல் உலகப்போருக்கு கூர்க்கா வீரர்களை வாரி வழங்கினார். 1923-ல் பிரிட்டன், நேபாளத்தைச் சுதந்திர நாடாக அங்கீகரித்து ஒப்பந்தம் போட்டது. அதற்கு விலை புலி இல்லை, அந்தக் கூர்க்காக்கள்தான். ஆனால் விருந்து வைத்த மரியாதையும் வீணாகவில்லை.

*

அடுத்த தலைமுறை. ஜார்ஜின் மகன் எட்வர்ட், வேல்ஸ் இளவரசர், 1921 நவம்பர் 17-ல் பம்பாயில் வந்து இறங்கினார். காந்தியும் காங்கிரஸும் பகிஷ்காரம் அறிவித்திருந்தார்கள். பம்பாயில் கலவரம், உயிர்ச்சேதம். அலகாபாத்தில் தெருக்கள் வெறிச்சோடின. 1922 ஜனவரியில் சென்னைக்கு வந்தபோதும் கடையடைப்பு, கல்வீச்சு, களேபரம். நகரத்துக்கு நகரம் இதே கதை.

பாவம் இளவரசருக்கு எங்கேதான் நிம்மதி? சமஸ்தானத்தில்! அந்த டிசம்பரில் பரத்பூர் ஏரி அவருக்காகக் காத்திருந்தது. அதே மாதம் நேபாளக் காடும். அங்கே யாரும் கறுப்புக்கொடி காட்டவில்லை. தெருவில் கிடைக்காத கூட்டம் வானத்தில் கிடைத்தது.

இப்போது திரும்பவும் 1938-க்கு வருவோம். லின்லித்கோ அன்றைக்கு நிமிடத்துக்கு ஒன்பது என்று போட்டுத் தள்ளியபோது அவர் மண்டைக்குள் ஒரு பெரிய கவலை இருந்தது. 1935-ம் வருட இந்திய அரசுச் சட்டத்தின்படி இந்தியா ஒரு கூட்டாட்சி ஆகவேண்டும். அதற்குப் போதுமான எண்ணிக்கையில் மகாராஜாக்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். பதவிக்கு வந்ததிலிருந்து லின்லித்கோ அதற்காகத்தான் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை காரியம் ஆகவேண்டியது வைஸ்ராய்க்கு. பிகு பண்ணிக்கொண்டிருந்தது மகாராஜாக்கள்.

பரத்பூரில் அவருக்கு விருந்து கொடுத்த மகாராஜா பிரிஜேந்திர சிங்குக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. முழு அதிகாரம் இன்னும் கைக்கு வராத இளைஞர். அவரிடம் வைஸ்ராய் என்ன பேசினார் என்று யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. விஷயம் என்னவென்றால், 4,273 பறவைகள் விழுந்தும் கூட்டாட்சி வரவே இல்லை. மகாராஜாக்கள் கடைசிவரை நழுவினார்கள். பத்து மாதம் கழித்து ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார். லின்லித்கோ ஓர் இந்தியத் தலைவரைக்கூடக் கலக்காமல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். கூட்டாட்சித் திட்டம் பரணில் ஏறியது.

*

இந்தப் பறவைகளைச் சுடாதே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லையா?

சொன்னார்கள். பரத்பூரில் அல்ல. செங்கல்பட்டுப் பக்கத்தில், கர்சனுக்கும் லின்லித்கோவுக்கும் நூறு வருடங்களுக்கு முன்னாலேயே.

வேடந்தாங்கல். பெயரிலேயே வேடன் இருக்கிறான். வேடன் தங்கிய ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு வந்தது கோபம். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். பறவை போனால் விளைச்சல் போகும். நேரே கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798 வாக்கில், இங்கே யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுத்துமூலம் 'கவுல்' வாங்கிவிட்டார்கள். 1858-ல் மறுபடி கலெக்டரிடம் போய் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். மகாராஜா யாரும் கிடையாது, வைஸ்ராயும் கிடையாது. நெல் விளைவிக்கிற ஜனங்கள்.

பரத்பூர் ஜனங்களுக்கும் ஏரி வேண்டியிருந்தது, மாடு மேய்க்க. மகாராஜா காலத்தில் வேட்டை இல்லாத நாட்களில் எருமைகள் உள்ளே போய் வந்தன. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுதந்திரம் வந்தது. ஏரியை வடித்துவிட்டு நிலத்தை விவசாயத்துக்குக் கொடுங்கள் என்று அக்கம்பக்கத்தில் குரல் எழுந்தது. பறவை நிபுணர் சாலிம் அலி, நேருவிடம் எடுத்துச் சொல்லித் தடுத்தார். 1956-ல் சரணாலயம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், சரணாலயம் ஆன பிறகும் முன்னாள் மகாராஜாவுக்குச் சுடும் உரிமை இருந்தது! கடைசிப் பெரிய வேட்டை நடந்தது 1964-65 குளிர்காலத்தில். உரிமை முழுசாகப் போனது 1972-ல்.

நடுவில் 1961. எலிசபெத் ராணி, கணவர் ஃபிலிப்புடன் வந்தார். ஜனவரியில் ஜெய்ப்பூர் மகாராஜாவின் விருந்தாளியாக ஃபிலிப் ஒரு புலியைச் சுட, லண்டன் பத்திரிகைகள் காய்ச்சி எடுத்துவிட்டன. அடுத்து நேபாளம். தாத்தா போன அதே தராய், அதே யானை வட்டம். ஆனால் ஃபிலிப்பின் விரலில் கட்டு! விரலில் புண், சுட முடியாது என்றார்கள். உடன் வந்தவர்கள் அந்த வேலையைப் பார்த்தார்கள். அதே வருடத்தில் உலக வனவிலங்கு நிதியம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் பிரிட்டிஷ் கிளைக்கு முதல் தலைவர்... ஆமாம், ஃபிலிப்பேதான்.

*

1982. பரத்பூர் தேசியப் பூங்கா ஆகியிருந்த நேரம். பூங்கா என்றால் மாடு மேயக்கூடாது. பறவை நிபுணர்களும் அதைத்தான் சொன்னார்கள். மதில் எழும்பியிருந்தது. அந்த நவம்பரில், தலைமுறை தலைமுறையாக எருமை ஓட்டிப்போன கிராமத்தார், வழக்கம்போல ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். போலீஸ் தடுத்தது. தள்ளுமுள்ளு. துப்பாக்கிச் சூடு. கிராமத்தார் சிலர் அந்த இடத்தில் உயிரை விட்டார்கள். பறவைகளைச் சுடுவது நின்றுபோன பிறகு, அதே மண்ணில், அதே நவம்பர் மாதத்தில்.

மாடு போனதும் ஏரி செழித்ததா? இல்லை. எருமைகள் தின்று மட்டுப்படுத்திவந்த ஒருவகை நீர்ப்புல் தடையே இல்லாமல் வளர்ந்து தண்ணீரை மூட ஆரம்பித்தது. வாத்து இறங்க இடம் குறைந்தது. பத்து வருடம் ஆராய்ந்துவிட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்து ஆட்களே சொன்னார்கள்: எருமைகள் இருந்தது ஏரிக்கு நல்லதுதான். பிறகு, கிராமத்தார் உள்ளே வந்து புல் அறுத்துக்கொண்டு போக அனுமதிச் சீட்டு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சைபீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெள்ளைக் கொக்குகள், 1960-களில் இருநூறு வரை வந்தவை, வருடா வருடம் குறைந்து, 2001-02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. கம்பீர் நதியில் மேலே பாஞ்ச்னா அணை வந்தது. 2004-ல் அங்கத்து விவசாயிகள் பறவைக்கெல்லாம் தண்ணீர் தரமுடியாது என்று கொடி பிடிக்க, ஏரி காய்ந்து வெடித்தது. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்தும், சம்பல் நதியிலிருந்து குழாய் மூலமும் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புகிறார்கள்.

சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் ஒருவரைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? அவரைப் போன்ற ரிக்‌ஷாக்காரர்கள் பலரும் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். வனத்துறை அவர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்து, உள்ளே வண்டி ஓட்ட அனுமதித்திருக்கிறது. ஊசிவால் வாத்துக்கு இங்கிலீஷ் பெயர், அது எங்கேயிருந்து வருகிறது, ஆண் எது பெண் எது என்று கடகடவென்று சொல்வார்கள். கல்வெட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால், அதையும் படித்துக் காட்டுவார்கள்.